அப்படி ஒருவர் இல்லை

அடையாள அட்டையைத் தருவதற்கு முன் அண்ணி சுற்றும் முற்றும் பார்த்தார். பீலியில் அப்போது வேறு யாரும் இல்லை. லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் விழும் குழாயடியைத்தான் நாங்கள் பீலி என்போம். காலைத் தூறல். என் தோளில் பை. கீழே இறங்கப் புறப்பட்டவனைத்தான் அவர் நிறுத்தியிருந்தார்.

பொலித்தீன் உறையிலிருந்து அட்டையை எடுத்தார். பெயர் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு நீட்டினார்.

“சிரிக்கக் கூடாது தம்பி” என்றார்.

விரலை எடுத்தார். படத்தில் இருந்தது அண்ணிதான், பத்துப் பதினைந்து வயது குறைவாக. பக்கத்தில் சிங்கள எழுத்தில் ‘முத்தையா சிரியாவதி’ என்று இருந்தது.

நான் சிரிக்கவில்லை. என் வலது கால் மட்டும் தானாகப் பாதைப் பக்கம் திரும்பியது.

முந்தைய நாள் அதே பெயருக்கு வந்த பதிவுத் தபாலின் பின்புறம், சிவப்புப் பேனையால், சிங்களத்தில், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தேன். எழுதியது நான். கீழே கையெழுத்து வைத்ததும் நான்.

அண்ணி எனக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

நிற்காத கால்

போன வாரம் இந்தப் பத்தியில் றப்பர் காட்டில் பால் வெட்டிய காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வேலையை விட்டு ஏன் தபாலுக்கு வந்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நானாக வரவில்லை. பெரிய கிளாக்கர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

“இவன் வாயே தெறக்க மாட்டான். தப்பாலுக்கு இவன்தான் சரி” என்று துரையிடம் சொன்னாராம். தபாலைத் தோட்டத்தில் தப்பால் என்றுதான் சொல்வோம். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வாய் திறக்காதவன் அடுத்தவர் கடிதத்தைப் பற்றிப் பேச மாட்டான் என்பது கிளாக்கரின் கணக்கு. அது சரிதான். ஆனால் இந்த வேலையில் வாய் திறந்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே இருக்கிறது. பாதி தேயிலை, பாதி றப்பர். அரசாங்கத் தபால்காரர் மேலே ஏறி வருவதில்லை. காலையில் நான் பையோடு இறங்கி, சிங்கள கிராமத்துக்குள்ளே போய், சந்தியில் முஸ்லிம் நானாவின் கடையைத் தாண்டி, உப தபாலகத்தில் தோட்டத்துத் தபாலை வாங்குவேன். மறுபடி ஏறி ஆபீசுக்கு. ஆபீசில் பிரித்த பிறகு டிவிசன் டிவிசனாக லயங்களுக்கு. மழை நாளில் அட்டைப்பூச்சி கணுக்காலில் தொங்கும். அதை நின்று பிடுங்குவதில்லை. நடந்துகொண்டே தட்டிவிடுவேன்.

இத்தனை வருடத்தில் கால் அப்படியே பழகிவிட்டது. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் தபாலகம் பூட்டு. அன்று வீட்டில் உட்கார முடியாது. கட்டிலில் உட்கார்ந்தாலும் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். “எந்திரிச்சு எங்கயாச்சும் போய்த் தொலைங்க” என்பாள் மனைவி. போயா நாளில் எங்கே போவது? வெறும் பையை மாட்டிக்கொண்டு சந்தி வரை போய்விட்டு வந்திருக்கிறேன். நானா தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு ஒன்றும் கேட்க மாட்டார். நல்ல மனிதர்.

ஏழு ராஜேஸ்வரி

லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம். முகவரி அவ்வளவுதான். பெயர் தவறினால் எல்லாம் தவறியது.

எங்கள் மேல் டிவிசனில் மட்டும் ஏழு ராஜேஸ்வரி இருக்கிறார்கள். ஆர். ராஜேஸ்வரி என்று வந்தால் மூன்று பேர் மிஞ்சுவார்கள். அந்த மூவரில் யாருக்கு வங்கிக் கடிதம் வரும், யாருக்குப் பள்ளிக்கூடக் கடிதம் வரும் என்று உறையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

எழுத்துப் பிழையும் எனக்குப் பழக்கம்தான். பதிவுக்காரர் சிங்களத்தில் எழுதும்போது வெள்ளையம்மா வெலேயம்மா ஆகிவிடுவார். பழனியாண்டி பலனியன்டி. வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தால் ஆள் வந்துவிடும்.

அப்படியும் வராத பெயருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பகலில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோரும் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். அங்கே போய் உரக்கப் பெயரைக் கூப்பிட வேண்டும். எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர் கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்குமாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒருமுறை கூப்பிட்டேன். குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போனது. எண்பது பெண்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சிரித்தது இல்லை, சும்மா சிரித்ததுதான். தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, “தப்பாலுக்கு இப்பத்தான் தொண்ட ஒடையுது” என்றார். இன்னொரு தரம் சிரித்தார்கள்.

அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் காதோடு கேட்டுக்கொள்வேன். தெரியாத பெயர் என்றால் சில நாள் பையில் வைத்திருந்துவிட்டு, எழுதித் திருப்பிவிடுவேன். பத்து வருடம் இப்படித்தான் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பைக்குள் ஒரு வாரம்

சிரியாவதிக்கு வந்த கடிதமும் அப்படி ஒரு வாரம் என் பைக்குள் இருந்தது.

நீளமான பழுப்பு உறை. அரசாங்க முத்திரை. எம். சிரியாவதி, மேல் டிவிசன். சிங்களப் பெண்ணின் பெயர். எங்கள் லயங்களில் சிங்களக் குடும்பம் கிடையாது. கிராமத்தில் இரண்டு சிரியாவதி உண்டு. ஒருவர் பாட்டியாகிவிட்டவர், இன்னொருவர் தையற்கடைக்காரர். வேலியோரம் நின்று இருவரிடமும் கேட்டேன். எங்களுக்கு இல்லை என்றார்கள். கிராமத்துக்குப் போனவன் எங்கள் மடுவத்துக்குப் போகவில்லை. சிங்களப் பெயரைத் தமிழ்ப் பெண்களுக்கு நடுவில் கூப்பிட்டால் எப்படிச் சிரிப்பார்கள் என்று தெரியும்.

அந்த வாரம் முழுக்க அண்ணி காலையில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ரெஜிஸ்டர் ஏதாச்சும் வந்துச்சா தம்பி?”

“இல்லீங்க அண்ணி.”

நான் தேடியது சரஸ்வதி என்ற பெயரை. தோட்டத்தில் அவரை எல்லோரும் சரசு என்பார்கள். நான் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அண்ணன் மனைவியைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? கோயிலில் வைத்துத் தாலி கட்டினார் அண்ணன். எழுத்து வைத்துப் பதிவு செய்யவில்லை. அப்போது பலர் வைக்கவில்லை. ஆகவே பெயரைத் தாளில் பார்க்கும் சந்தர்ப்பமும் வரவில்லை. அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு அவர் அண்ணி. அதற்குமேல் அவருக்கு ஒரு பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று பீலியில்தான் விஷயத்தைச் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்கு ரகசியமாக விண்ணப்பம் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை சித்தியடைந்தவர். அவரோடு படித்த பெண்களில் அப்படி வேறு யாரும் இல்லை. முழங்கால் போய்விட்டது, சரிவில் ஏற முடியவில்லை. அடுத்த பிறந்தநாளோடு அந்த வேலைக்கு வயது முடிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கடிதம் வந்துவிட்டது. நேர்முகப் பரீட்சை வியாழக்கிழமை. கடிதத்தோடு வர வேண்டுமாம். இன்று செவ்வாய்.

“ஒங்க பேருக்கு ஒண்ணும் வரலீங்க அண்ணி” என்றேன்.

அப்போதுதான், அட்டையை எடுப்பதற்கு முன், சொன்னார். “சரஸ்வதின்னு வராது தம்பி.”

அவர் பிறந்தபோது அவருடைய அப்பா பதிவுக்காரரிடம் போயிருக்கிறார். வாய் நிறைய வெற்றிலை. மகளின் பெயர் சரஸ்வதி என்று சொன்னாராம். பதிவுக்காரர் காதில் விழுந்தது சிரியாவதி. அப்பாவுக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. பரீட்சைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கும்வரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த அன்று முழுக்க அண்ணி அழுதாராம்.

“ஒங்க அண்ணே ஒங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்” என்றார்.

நான் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பாதி ஓட்டமாக இறங்கினேன்.

எந்த அண்ணன்?

உப தபாலகத்தில் கடிதம் இல்லை. நேற்று மாலை வண்டியில் டவுனுக்குப் போய்விட்டது. தபாலதிபர் மஹத்தயா டவுனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. ஆபீசுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். இருக்கை காலியாக இருந்தது. உட்காரவில்லை.

டவுன் தபாலகத்தில் வரிசை. என் முறை வந்ததும் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். கவுண்டரில் இருந்த சிங்கள அம்மா, தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதுபோல், உரக்கச் சொல்லுங்கள் மல்லி, என்றார். உரக்கச் சொன்னேன். அவர் உள்ளே போய் உறையைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்தார். என் சிவப்பு எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படி ஒருவர் இல்லை என்று எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இப்போது இருக்கிறார் என்பதும் நீங்கள்தானா என்றார். ஆமாம் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையில் தர முடியாது, அவர் அடையாள அட்டையோடு நேரில் வந்தால் தரலாம், மூன்று மணிக்குத் திருப்பி அனுப்பும் பையைக் கட்டிவிடுவோம் என்றார்.

அப்போது பதினொரு மணி இருக்கும். அண்ணி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். மலையில் சிக்னலும் கிடையாது. மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை மேல் மட்டும்தான் கிடைக்கும். பகல் நிறுவைக்குக் கணக்கப்பிள்ளை அங்கே வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது.

பஸ் நிலையத்துக்கும் தபாலகத்துக்கும் நடுவில் நடந்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஒரு பழக்கடைக்காரர் இரண்டு முறை என்னிடம் ரம்புட்டான் வேண்டுமா என்று கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை, பார்த்தார்.

பன்னிரண்டரைக்குக் கணக்கப்பிள்ளை எடுத்தார். பின்னால் பெண்களின் இரைச்சல்.

“என்னா தப்பாலு, டவுன்ல சுத்துறியாம்?”

“அண்ணிய உடனே டவுனுக்கு அனுப்பணுங்க. ஐடின்டியோட.”

“எந்த அண்ணி?”

“எங்க அண்ணே சம்சாரம்.”

“ஒனக்கு மூணு அண்ணேடா. எந்த அண்ணே?”

போனில் மீதிக் காசு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. செத்துப்போன அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“சரசு” என்றேன்.

அந்தப் பெயரை அவர் மடுவத்தில் உரக்கக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, “சரி சரி, அனுப்புறேன்” என்றார். கிண்டல் இல்லாத குரலில் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மூன்று மணிப் பை

நானாவின் ஓட்டோ வந்து நின்றபோது மூன்றுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. அண்ணி இடுப்பில் கட்டிய படங்கோடு இறங்கினார். கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமல் கட்டும் அந்தச் சாக்குத் துண்டை அவிழ்க்கக்கூட நேரம் இருந்திருக்கவில்லை. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் செருப்புவரை வந்திருந்தது. கையில் பொலித்தீன் உறை.

கவுண்டரில் அந்த அம்மா பெயரைக் கேட்டார். அண்ணி சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சிரியாவதி என்று சொல்லி, சிங்களத்தில் கையெழுத்து வைத்தார். குண்டு குண்டான, ஒழுங்கான எழுத்து.

வெளியே வந்து உறையைப் பிரிக்காமல் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் இருந்ததை வாசித்தார். கீழே என் கையெழுத்தையும் வாசித்தார். நான் ஓட்டோவின் பின்பக்கமாக நகர்ந்தேன்.

“ஒங்க எழுத்து அழகா இருக்கு தம்பி” என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எங்கேயாவது நடந்து போய் ஆற்றியிருப்பேன்.

நானாவுக்கு டவுனில் வேலை இருந்தது. பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு முன் இருக்கையில் அண்ணி. பாதி வழியில் திரும்பிப் பார்த்தார்.

“பரீட்ச எழுதுனப்ப மட்டுந்தான் அந்தப் பேரு. அங்க கூப்பிட்டா எங்காதுல ஏறாது தம்பி. ரெண்டு தடவ கூப்பிடுங்க, பழகிக்கிறேன்.”

ஜன்னலுக்கு வெளியே றப்பர் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மரத்திலும் கவிழ்த்து வைத்த சிரட்டை. அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னேன்.

“கேக்கல” என்றார்.

மறுபடி சொன்னேன். பக்கத்து இருக்கைப் பெண் தன்னைத்தான் கூப்பிடுகிறேனோ என்று திரும்பினார்.

“ஆ, இருக்கேன்” என்றார் அண்ணி, முன்னால் பார்த்தபடி. “இன்னொருக்கா.”

சந்தி வருவதற்குள் ஒன்பதோ பத்தோ தடவை கூப்பிட்டிருப்பேன்.

வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சைக்குக் கேகாலைக்கு நானும் வருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். “நீங்க வந்தா ஒங்க பின்னாடி நின்னுக்குவேன்” என்றார். அன்று நான் இரண்டு டிவிசனுக்கும் இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை பையில் ஒன்றும் இல்லை.

மற்ற உறைகள்

கடிதம் கிடைத்துவிட்டது என்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பத்து வருடத்தில் அந்தச் சிவப்புப் பேனையால் எத்தனை உறைகளில் எழுதியிருப்பேன்? உப தபாலகத்து மஹத்தயாவிடம் திருப்பிய கடிதங்களைப் பதிந்த பழைய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, போய் வேலையைப் பார் என்றார்.

சில பெயர்கள் நினைவில் இருக்கின்றன. குசுமாவதி என்று ஒன்று. பியசேன என்று ஒன்று, இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் எழுதி அனுப்பினேன். நடக்கும்போது அந்தப் பெயர்களை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்க்கிறேன். குசுமாவதி யாராக இருக்கும்? குஞ்சம்மாவா? அவர் போன வருடம் இறந்துவிட்டார். அவருக்கு என்ன கடிதம் வந்திருக்கும்?

இப்போது மடுவத்தில் கூப்பிடுகிறேன். சிங்களப் பெயர், முஸ்லிம் பெயர், எதுவானாலும். குரல் இன்னும் பாதியில் உடைகிறது. இன்னும் சிரிக்கிறார்கள். போன மாதம் ஜயசீலி என்று கூப்பிட்டேன். சிரிப்பு அடங்கிய பிறகு கடைசி வரிசையிலிருந்து ஜெயசெல்வி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அந்த உறையைக் கையில் கொடுத்தபோது எனக்கு வியர்த்திருந்தது.

பல் வலி

அண்ணிக்கு வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தை நான்தான் கொண்டுவந்தேன். அதுவும் சிரியாவதிக்குத்தான் வந்தது. இப்போது முதல் பஸ்ஸில் போய்விடுகிறார். பீலியில் பார்ப்பது குறைந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

சில வாரங்களுக்கு முன் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. அவருடைய ஆஸ்பத்திரிக்கே போனேன். நடைபாதை முழுக்கக் கூட்டம். தூரத்தில் அண்ணி வெளிர்நீலச் சீருடையில் நோயாளிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தைரியம் வந்தது. வரிசையை விட்டு நேராகப் போய், “அண்ணி” என்றேன். திரும்பவில்லை. என் சத்தம் அவ்வளவுதான். ஒரு தாதி “சிரியாவதி” என்று கூப்பிட்டார். சட்டென்று திரும்பினார். திரும்பியபோது நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றேன்.

“நம்பர் எடுத்தீங்களா தம்பி?”

“இல்லீங்க அண்ணி.”

“எடுத்துட்டு வாங்க. எல்லாரும் வரிசையிலதான நிக்கிறாங்க.”

நம்பர் தரும் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் பெயரைக் கேட்டார். வாய் வீங்கியிருந்தது. ஆனாலும் ஜன்னலுக்குள் குனிந்து, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடித்ததும், தாளைத் திருப்பிக் காட்டச் சொல்லி வாசித்துப் பார்த்தேன்.